இறால் தீவனத்தில் ஈப்புழு

கடற்கரையை அடுத்த ஊராட்சிகளில் இறால் வளர்க்கும் விவசாயிகளை நாம் சந்திக்கும்போதெல்லாம் அவர்கள் முதலில் எடுத்துரைக்கும் குறை தீவனச் செலவைப் பற்றியதாகவே இருக்கிறது. குளத்தை உழுது சுண்ணாம்பு இட்ட செலவு, குஞ்சு வாங்கிய செலவு, காற்றேற்றும் சக்கரங்களுக்கு மின்சாரமும் டீசலும் வாங்கிய செலவு, ஆட்கூலி ஆகிய யாவற்றையும் தராசின் ஒரு தட்டிலும், தீவனத்திற்குக் கொடுத்த பணத்தை மற்றொரு தட்டிலும் வைத்தால் தீவனத் தட்டே பெரும்பாலும் தாழும். மொத்தச் செலவில் பாதியும், சில குளங்களில் பத்தில் ஆறு பங்கும் தீவனத்திற்கே போய்விடுகின்றன. அதையும் விவசாயி ரொக்கம் கொடுத்து வாங்குவதில்லை. அறுவடையன்று இறாலை எடுக்கும் வியாபாரியின் பணம் வளர்த்தவர் கைக்கு வருமுன்பே தீவனக் கடைக் கணக்கில் வரவு வைக்கப்படுவது நமது வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது.

இந்நிலையில், ஈயின் புழுவைக் கொண்டு இறாலுக்குத் தீவனம் செய்யலாம் என்றும், காசு கொடுத்து வாங்க வேண்டாத குப்பையே தீவனமாகிவிடும் என்றும் ஒரு செய்தி ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. ஒன்றிய அலுவலகத்திற்கு வந்து இது மெய்தானா என்று விசாரிப்போர் பலர். அவர்களுக்கு நாம் வாய்மொழியாகக் கூறிய விடையை இங்கு சற்று விரிவாக எழுதுகிறோம். செய்தியில் உண்மை உண்டு; ஆனால் விசாரிக்க வந்தவர்கள் எண்ணியிருந்த உண்மை அன்று.

மீன் தூளின் நிலை

இன்று நமது குளங்களில் பெரும்பாலும் வளர்வது வனாமி என்னும் வெள்ளிறால். முன்பு வளர்த்த புலி இறாலை 1994, 1995ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் அடியோடு வாட்டியதை மூத்த விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2009இல் வனாமியை வளர்க்க அனுமதி கிடைத்தபின் பலரும் அதற்கு மாறினர். வனாமித் தீவனத்தில் 100க்கு ஏறக்குறைய 35 பங்கு புரதம் இருத்தல் வேண்டும். சோயாப் பிண்ணாக்கு, கோதுமை மாவு முதலியவை இப்புரதத்தில் ஒரு பகுதியைத் தருகின்றன. எஞ்சிய பகுதியும், இறாலை ஈர்க்கும் மணமும் மீன் தூளிலிருந்து வருகின்றன.

ஒரு கிலோ மீன் தூளுக்கு நான்கு அல்லது ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களும், வலையில் அகப்படும் சங்காயமும் இதற்குப் போகின்றன. மத்தி ஏழை வீட்டுக் குழம்பு மீன். அது ஆலையில் அரைபட்டு, இறாலாகி, கப்பல் ஏறுகிறது. உலகச் சந்தையில் மீன் தூளின் விலையைப் பெரிதும் நிர்ணயிப்பது தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்திலி இனமாகும். அக்கடலின் நீர் வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் அம்மீன் கரைக்கருகில் கிடைப்பதில்லை. 1972, 1973ஆம் ஆண்டுகளில் அவ்வாறு நேர்ந்து, அந்நாட்டின் மீன் தொழிலே முறிந்தது. 2023இல் அந்நாட்டு அரசு முதற்பருவ நெத்திலிப் பிடிப்பையே ரத்துச் செய்தது. அங்கே கடல் சூடாகும்போது இங்கே உப்பங்கழி ஓரத்தில் மூட்டை விலை ஏறுகிறது. தீவனத்திற்கு வேறு புரதம் தேடுவதன் அவசியம் இதிலிருந்து விளங்கும்.

பூச்சி புதிய உணவன்று

இறாலுக்குப் பூச்சியைக் கொடுப்பது இயற்கைக்கு மாறானது என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். இறால் கழிமுகத்துச் சேற்றில் தானாகத் தேடி உண்பவற்றைக் கவனித்தால் அக்கருத்து நீங்கும். மண்புழு இனத்தைச் சேர்ந்த கடற்புழுக்கள், நீரில் வாழும் பூச்சிகளின் புழுக்கள், நுண்ணிய நண்டினங்கள், அழுகிய இலைகள் எல்லாம் அதன் உணவேயாம். சீனத்தில் முத்து ஆற்றின் முகத்துவாரத்தில் குளக்கரையெங்கும் முசுக்கொட்டைச் செடி பயிரிட்டு, அதன் இலையைப் பட்டுப்புழுவுக்கும், பட்டுப்புழுவின் எச்சத்தையும் கூட்டுப்புழுவையும் மீனுக்கும், குளத்துச் சேற்றை மீண்டும் செடிக்கும் இட்டு வந்தனர். பல நூற்றாண்டுகள் நடந்த முறை அது. நமது மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு மாவட்டங்களில் பட்டு நூற்றபின் எஞ்சும் கூட்டுப்புழுவும் புரதம் மிகுந்ததே. கொழுப்பு அதிகமாதலால் விரைவில் சிக்கு நாற்றம் அடித்துவிடும் என்பது அதன் குறை. எண்ணெய் எடுத்தபின் பயன்படுத்துதல் நன்று.

ஆயினும் இப்பொழுது பேசப்படுவது வேறொரு பூச்சியைப் பற்றி. கருப்புச் சிப்பாய் ஈ என்று அதனை அழைக்கின்றனர். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி வெப்ப நாடுகளெங்கும் பரவிவிட்ட இந்த ஈ, பார்வைக்குக் குளவி போன்றிருக்கும். நமது எருக்குழிகளிலும் இதன் புழுவைப் பார்த்திருக்கலாம். வீட்டு ஈயைப் போல இது சோற்றின் மீதோ, குழந்தையின் கண்ணிலோ வந்து மொய்ப்பதில்லை. வளர்ந்த ஈ உணவு தேடி அலைவதில்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே சில நாட்கள் உயிர் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு மடிகிறது. கடிப்பதும் இல்லை.

ஒரு பெண் ஈ 500 முதல் 900 முட்டைகள் வரை இடும். ஈரமான கழிவின் மீது இடாமல், அதன் மணம் வரும் இடத்திற்கு அருகிலுள்ள உலர்ந்த இடுக்குகளில் இடும். ஆகையால் சிறு மரச்சட்டங்களை இடைவெளி விட்டுக் கட்டி, கழிவுத் தொட்டியின் மேல் வைத்து முட்டைகளைச் சேகரிக்கின்றனர். ஏறக்குறைய நான்கு நாளில் குஞ்சுப் புழு வெளிவரும். பிறகு இரண்டு, மூன்று வாரங்கள் ஓயாத தீனி. காய்கறிக் கழிவு, பழத்தோல், சோறு, பிண்ணாக்குச் சக்கை எதுவானாலும் உண்டு கொழுக்கும். முற்றிய புழு கருமை அடைந்து, உணவை விட்டு விலகி, உலர்ந்த இடம் தேடித் தானே மேலேறும். தொட்டியின் ஒரு பக்கத்தைச் சரிவாகக் கட்டி, மேலே ஒரு வாளியை வைத்துவிட்டால் அது தானாகவே வாளியில் வந்து விழும். தீவனத்திற்கு, கறுக்குமுன் வெளிர்நிறமாக உள்ள புழுவே ஏற்றது. அதனைச் சல்லடையில் பிரிக்க வேண்டும். அடியில் எஞ்சுவது எரு.

கழிவின் ஈரமே இதில் கைப்பழக்கம் வேண்டும் விஷயம். கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடையில் ஓரிரு சொட்டுக் கசிய வேண்டும், ஒழுகக்கூடாது. சொதசொதப்பானால் புழுக்கள் சுவரேறி ஓடிவிடும். மற்றொரு சங்கதி, ஈக்கள் இணைவதற்கு நல்ல வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முட்டை வரத்து குறைந்துவிடும். நல்ல வேளையாக, நமது கரையோரத்தில் முக்கியமான இறால் பட்டம் மாசி, பங்குனியில் தொடங்கிக் கோடையில் முடிவது. எறும்பை மறந்துவிடக் கூடாது. தொட்டியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தாத வீட்டில் புழுவும் மிஞ்சாது, முட்டையும் மிஞ்சாது.

புழுவில் உள்ளதும் இல்லாததும்

உலர்ந்த புழுவில் 100க்கு ஏறக்குறைய 40 பங்கு புரதமும், 30 பங்கு அளவில் கொழுப்பும் உண்டு; தின்ற கழிவுக்கேற்ப இவை கூடும், குறையும். இந்தப் புரதக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கியே புரதம் இவ்வளவு என்று எழுதுகின்றனர். பூச்சியின் தோலிலுள்ள கைட்டின் என்னும் பொருளிலும் நைட்ரஜன் உண்டு. அதுவும் புரதக் கணக்கில் ஏறிவிடும். எனவே சீட்டில் உள்ள புரதத்தைவிட இறாலுக்குச் சேரும் புரதம் குறைவு. புழுத் தூள் விற்க வருபவர் காட்டும் சீட்டைப் படிக்கும்போது இதனை நினைவிற் கொள்க.

கொழுப்பிலும் வேறுபாடு உண்டு. புழுவின் கொழுப்பில் மிகுதியாக இருப்பது தேங்காய் எண்ணெயிலுள்ள அதே லாரிக் அமிலம். கடல் மீனின் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகள் அதில் இல்லையென்றே கூறலாம். இறாலுக்கோ அவை இன்றியமையாதவை. மெத்தியோனின் என்னும் புரதக்கூறும் மீன் தூளைக் காட்டிலும் குறைவு. மேலும் இறால் தன் உடலில் கொலஸ்ட்ராலை உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி. தோல் உரிப்பதற்கு வேண்டிய அப்பொருள் தீவனத்தின் வழியாகவே சேர வேண்டும். ஆதலின் மீன் தூளை எடுத்துவிட்டுப் புழுத் தூளைக் கொட்டினால் கணக்கு நேராகாது. கொழுப்பை நீக்கிய புழுத் தூளை ஓரளவு சேர்த்து, குறைபவற்றை வேறு பொருள்களால் நிரப்ப வேண்டும். அமெரிக்காவில் வெள்ளிறாலைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மீன் தூளில் நாலில் ஒரு பங்குக்குக் குறைவாகவே இப்புழுத் தூளை மாற்றாக இடுவது நல்லதென்றும், அளவு கூடக்கூட வளர்ச்சி குன்றியதென்றும் கண்டனர். மாவுப்புழு என்னும் வேறொரு வண்டின் புழுவைக் கொழுப்பு நீக்கிக் கொடுத்தபோது வெள்ளிறால் விப்ரியோ நோயை நன்கு தாங்கியதாக 2019இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. பூச்சிக்குப் பூச்சி பலன் வேறுபடும் என்பதையும் மறக்கலாகாது.

இனி விவசாயியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டரை ஏக்கர் குளத்தில் 5 டன் இறால் எடுப்பதாகவும், ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ தீவனம் செலவாவதாகவும் கொள்வோம். மொத்தத் தீவனம் 7 டன், அதாவது 25 கிலோ மூட்டையில் 280 மூட்டை. தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீன் தூள் என்றால் அது 1,400 கிலோ. அதில் நாலில் ஒன்றை மாற்றினால் வேண்டிய புழுத் தூள் 350 கிலோ. மொத்தத் தீவனத்தில் இது 100க்கு 5 பங்கே. புழுத் தூள் மீன் தூளைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் மலிவாகக் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் பட்டம் முழுவதற்கும் மிச்சம் 7,000 ரூபாய். ஏறக்குறைய மூன்று மூட்டைத் தீவனத்தின் விலை! அந்த மிச்சமும் தீவன ஆலை நமக்கு விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

இதற்கு மாறாக, அதே குளத்தில் ஒரு கிலோ இறாலுக்கு 1.6 கிலோ தீவனம் இடுபவர், சோதனைத் தட்டை ஒழுங்காகத் தூக்கிப் பார்த்து, தின்னாத நேரத்தில் இடுவதை நிறுத்தி, 1.4க்குக் கொண்டுவந்தால் மிச்சமாவது ஒரு டன், அதாவது 40 மூட்டை. புழுவைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம் நாம் முதலில் கேட்ட கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை முறை தட்டைத் தூக்கிப் பார்க்கிறீர்கள்?" என்பதே. சிலர் சிரித்தனர், சிலருக்குக் கோபம் வந்தது.

குளத்தில் நேரே போட்டால்

நமது வட்டாரத்தில் ஆர்வமிக்க இளம் விவசாயி ஒருவர் இந்தக் கணக்கிற்குக் காத்திராமல், தம் வீட்டுத் தொட்டியில் வளர்த்த புழுவை வெயிலில் உலர்த்தி நேராகக் குளத்தில் தூவினார். உலர்ந்த புழு நீரில் மிதக்கும். இறாலோ குளத்தின் அடியில் மேய்வது. காற்று அடித்த பக்கத்து மூலையில் புழுவெல்லாம் ஒதுங்கிற்று. அதைத் தின்னக் காகங்கள் திரண்டன. பறவை வராமல் குளத்தின் குறுக்கே கயிறு கட்டிப் பாடுபடுகிறோம். ஒரு குளத்து நோயுற்ற இறாலைக் காகம் கவ்விச் சென்று அடுத்த குளத்தில் போட்டுவிட்டால் நோயும் கூடச் செல்லும் என்பதற்காகவே அக்கயிறு. இவரோ காகத்திற்கு விருந்து வைத்துவிட்டார். ஒதுங்கிய மூலையில் அழுகல் உண்டாகி, நீரில் அம்மோனியா ஏறிற்று. பக்கத்துக் குளத்துக்காரர் சண்டைக்கு வந்தார். பிறகு அவர் புழுவை அரைத்து, மாவுடன் பிசைந்து, உருண்டை செய்து போட்டுப் பார்த்தார். இறால் மீனைப் போல விழுங்குவதில்லை. காலால் பிடித்து நெடுநேரம் கொறித்துத் தின்னும். ஆகையால் தீவனக் குச்சி நீரில் இரண்டு மூன்று மணி நேரமாவது கரையாமல் நிற்க வேண்டும். கையால் பிடித்த உருண்டை கால் மணியில் கரைந்து சேறோடு சேர்ந்தது. அந்தப் பட்டத்தில் அவர் எடைக் குறைவாகவே இறால் எடுத்தார். நேர்மையுடன் தம் கணக்குப் புத்தகத்தை நமக்குக் காட்டி, மற்றவர்களுக்கும் சொல்லச் சொன்னார், ஆதலின் எழுதினோம்.

பச்சைப் புழுவை உயிருடன் இடுவதும் தகாது. இறால் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குக் கொடுக்கும் கடற்புழு வழியாக வெண்புள்ளி நோயின் கிருமியும், இறாலின் ஈரலைத் தாக்கும் நுண்ணுயிரும் வருவதுண்டு. ஈப்புழுவை வளர்க்க இறால் தலையையும் ஓட்டையும் கழிவாகப் போடுவது இதனினும் பெரிய பிழை. இறால் நோயை இறாலுக்கே திருப்பி ஊட்டும் வழி அது. ஆலைக் கழிவும் ஆகாது, புழு காட்மியம் போன்ற உலோகத்தை உடலில் சேர்த்து வைக்கக்கூடியது. மருந்து கொடுத்த கோழிகளின் கழிவை இட்டால் மருந்தின் எச்சம் புழு வழியாக இறாலில் சேர்ந்து, ஏற்றுமதிச் சோதனையில் சரக்கு திரும்பி வரவும் இடமுண்டு.

வாங்குபவர் விதிகளையும் அறிந்திருத்தல் நலம். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் ஏழு வகைப் பூச்சிகளின் புரதத்தை மீன், இறால் தீவனத்தில் சேர்க்க அனுமதித்தது. கருப்புச் சிப்பாய் ஈயும் அவற்றுள் ஒன்று. ஆனால் சாணத்திலும், உணவு விடுதி எச்சத்திலும் வளர்த்த புழுவை அவ்விதி ஏற்பதில்லை. எந்தக் குப்பையிலும் வளரும் என்பது புழுவின் பெருமை. எந்தக் குப்பையிலும் வளர்க்கலாகாது என்பது சந்தையின் நிபந்தனை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நமது பொருள்கள் மீது 50 சதவீத வரி விதித்தபோது இறால் வளர்ப்போர் பட்ட கலக்கத்தைக் கண்டோம். மற்றச் சந்தைகளின் கதவையும் நாமே அடைத்துக்கொள்ளலாகாது.

ஊராட்சியின் பங்கு

அப்படியாயின் இந்தப் புழுவினால் கிராமத்திற்கு ஒரு நன்மையும் இல்லையா என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். உண்டு. மேற்சொன்ன 350 கிலோ தூளுக்குக் கொழுப்பு நீக்குமுன் 500 கிலோ உலர்ந்த புழு வேண்டும்; அதற்குப் பச்சைப் புழு 1,500 கிலோ. நூறு கிலோ நல்ல கழிவில் 15 கிலோ புழு கிடைப்பதாகக் கொண்டால் 10 டன் கழிவு. நான்கு மாதத்தில் பங்கிட்டால் நாளொன்றுக்கு 80 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு வாரச்சந்தையும், ஒரு கல்யாண மண்டபமும் உள்ள ஊராட்சியில் இவ்வளவு கழிவு கிடைப்பது அரிதன்று. தூய்மைக் காவலர்கள் வீடு வீடாகச் சேர்க்கும் மட்கும் குப்பை உரக்குழியில் நாறிக் கிடப்பதைவிட, அதில் ஒரு பகுதி புழுத் தொட்டிக்குச் செல்வது மேல். காய்கறிக் கழிவு தனியே, எச்சில் இலைக் கழிவு தனியே எனப் பிரித்தல் வேண்டும். முதல் வகையில் வளர்ந்த புழுவைத் தீவனத்திற்கென்றும், மற்றதில் வளர்ந்ததை எருவுக்கும் அடுத்த தலைமுறை ஈக்கும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் இறாலை நாடாமல் நாட்டுக்கோழியை நாடுமாறு மகளிர் குழுக்களுக்கு நாம் கூறி வருகிறோம். கோழி பச்சைப் புழுவை ஆவலுடன் கொத்தும். அரைக்கவும் வேண்டாம், குச்சியாக்கவும் வேண்டாம். குளத்து விரால் மீனும் அப்படியே. அங்கே கை பழகி, மாதந்தோறும் தவறாமல் இவ்வளவு புழு தரமுடியும் என்ற நிலை வந்தபின், உலர்த்தி ஆலைக்கு விற்பதைப் பற்றிப் பேசலாம். ஒரு மாதம் தந்து மறுமாதம் கைவிரிக்கும் ஊரிடம் எந்த ஆலையும் வாங்காது.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். முட்டையும் தொட்டியும் நாங்களே தருகிறோம், புழுவை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று சொல்லி வருவோர் உளர். 2012இல் கொங்கு நாட்டில் ஈமுக் கோழி வளர்ப்பில் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. அங்கும் திரும்ப வாங்கிக்கொள்வதாகவே சொன்னார்கள். ஈ நமது எருக்குழிக்கே தானாக வருகிறது. முட்டைக்கு முன்பணம் எதற்கு? இத்தகைய ஒப்பந்தம் எதுவும் கிராம சபையில் படித்துக் காட்டப்படாமல் கையெழுத்தாகக் கூடாது என்று நமது ஒன்றியத்தில் தலைவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

புழுத் தூள் கலந்த தீவனத்தை ஆலையிலிருந்து பெற்றுச் சோதித்துப் பார்க்க விரும்பும் விவசாயி எல்லாக் குளங்களிலும் ஒரே சமயத்தில் இறங்க வேண்டாம். ஒரே பரப்பும், ஒரே நாளில் விட்ட ஒரே இடத்துக் குஞ்சும் உள்ள இரு குளங்களைத் தேர்ந்து, ஒன்றில் வழக்கமான தீவனமும் மற்றொன்றில் புதியதும் இடுக. வாரம் ஒருமுறை வீச்சுவலையில் பிடித்து எடை பார்த்து எழுதுக. தட்டில் மிஞ்சியதையும், நீரின் அம்மோனியாவையும், அறுவடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் என்பதையும் இரு குளத்துக்கும் தனித்தனியே குறித்து வைக்க வேண்டும். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1987 முதல் இயங்கி வருகிறது; இறால் தீவன ஆராய்ச்சி அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கணக்குப் புத்தகத்துடன் செல்பவருக்கு அங்கெல்லாம் பயனுள்ள விடை கிடைக்கும். நமது இளம் விவசாயியும் இந்த மாசிப் பட்டத்தில் அவ்வாறு இரு குளங்களை ஒதுக்கியிருக்கிறார். காகத்துக்குக் கட்டிய கயிற்றையும் புதுப்பித்துவிட்டார்.